கொசுறு மூடி

போன வாரம் இந்த இடத்தில் என் எழுத்து இல்லை. இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். மூன்றாவது ஆள் நேரிலேயே கேட்டார். "என்னப்பா, சரக்கு தீந்துருச்சா?"

சரக்கு தீரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் இல்லை. மூன்றே வார்த்தை. "ஒரு லிட்டர் தண்ணியிலதாங்க."

கேட்டவர் டாக்டரம்மா. கட்டிலில் கிடந்தது என் வீட்டுக்காரி வளர்மதி. அந்த மூன்று வார்த்தையால் அவளைத் திருச்சிக்கு ஏற்றப் பார்த்தார்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் எட்டாவதோடு நின்றவன். தோளில் பவர் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு அடுத்தவர் காட்டுக்கு மருந்து அடிப்பது தொழில். வேப்பந்தட்டைப் பக்கம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். முப்பது வருஷமாக.

எங்கள் தொழிலில் அளவு என்றால் மூடி. மருந்து பாட்டிலின் மூடிதான். 'ஒரு டேங்குக்கு இத்தனை மில்லி' என்று பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்? கடைக்காரர் "டேங்குக்கு ரெண்டு மூடி" என்பார். நான் இரண்டு மூடி ஊற்றுவேன். காட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார். டேங்குக்குள் எட்டிப் பார்ப்பார். முகத்தைச் சுளிப்பார்.

"என்னப்பா, தண்ணியா இருக்கு... இன்னொரு மூடி வுடு."

மூன்றாவது மூடி விழுந்த பிறகுதான் அவர் முகம் தெளியும். அதற்கு எங்களுக்குள் பெயர், கொசுறு மூடி.

முப்பது வருஷத்தில் எத்தனை கொசுறு மூடி ஊற்றியிருப்பேன்? ஒரு கிணறு நிறையும்.

இது காட்டோடு நிற்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளிக்கு டீ போட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். மோர் தண்ணியாக இருந்தால் அந்த வீட்டைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள். கெட்டியாகக் கொடுத்தால் பாசம். தண்ணியாகக் கொடுத்தால் கஞ்சம். இதுதான் நாங்கள் பழகிய பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாலிகண்டபுரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வளர்மதி மட்டும் போனாள். எனக்கு வேலை இருந்தது. வெயில் நாள். சாப்பாட்டில் எது கெட்டிருந்ததோ தெரியாது... விருந்து போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளுக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. திங்கட்கிழமை விடிந்தும் நிற்கவில்லை. கண் குழி விழுந்துவிட்டது.

வீட்டில் உப்புச்சக்கரைப் பொட்டலம் இருந்தது. ஓ.ஆர்.எஸ். என்று அதன்மேல் போட்டிருக்கும். போன மழைக்கு ஊரில் பல பேருக்கு வயிறு கெட்டபோது, சுகாதாரத்தில் இருந்து வந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்குப் பத்துப் பொட்டலம். தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

ஒன்றைப் பிரித்தேன். பின்பக்கம் படித்தேன். ஆமாம், படித்தேன். 'ஒரு லிட்டர் குடிநீரில் கலக்கவும்' என்று இருந்தது.

ஒரு டம்ளர் எடுத்தேன். முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டினேன்.

ஏன்?

வீட்டில் லிட்டர் அளக்க ஏனம் இல்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். லிட்டர் குறி போட்ட ஜாடி ஒன்று உண்டு. பூச்சிமருந்துக்கு வைத்திருப்பது. அதை அடுப்படிக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் தண்ணீர் பாட்டில் இருக்கிறதே? பஸ்ஸுக்குப் போகும்போது வாங்கிய லிட்டர் பாட்டில் மூன்று கிடக்கிறது. அதனால் அந்தச் சாக்கு செல்லாது.

நிஜக் காரணம் வேறு. இத்தனூண்டு பொடி. அதை அவ்வளவு தண்ணியில் விட்டால் என்னத்துக்கு ஆகும் என்று தோன்றியது. கெட்டியாகக் கொடுத்தால் சுருக்காக நிற்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வளர்மதி ஒரு மடக்கு குடித்தாள். முகம் கோணியது.

"உப்புக் கரிக்குதுங்க."

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். குடி."

குடித்தாள்.

திங்கட்கிழமை மட்டும் ஏழு டம்ளர். ஏழு பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் பிறகு வயிற்றுப்போக்கு கூடியதே தவிர குறையவில்லை. தாகம் தாகம் என்றாள். வெறுந்தண்ணீர் கேட்டாள். "வெறுந்தண்ணி குடிச்சா இன்னும் போவும், இத குடி" என்று எட்டாவதைக் கலக்கினேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து உட்காரத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வெயில் ஏறியதும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆட்ட அவுத்து வுட்டீங்களா?"

நாங்கள் ஆட்டை விற்று ஆறு வருஷம் ஆகிறது.

சும்மா கேட்கிறாள் என்று பார்த்தேன். கண் என்மேல் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி ஆட்டைக் கேட்டாள். "அவுத்து வுட்டேன்" என்று சொல்லிவிட்டு, தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டேன். நேராகப் பெரம்பலூர்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். கையில் ஊசி குத்தி பாட்டில் தொங்கவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. எங்கள் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும். கண்ணாடி.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல இருந்துங்க."

"என்ன குடுத்தீங்க?"

"உப்புச்சக்கரைத் தண்ணிங்க."

"எப்படிக் கலக்குனீங்க?"

என் தொழிலே கலக்குவது. முப்பது வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. பக்கத்தில் நர்ஸம்மா நிற்கிறார். அடுத்த கட்டில்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். வாயில் வந்தது.

"ஒரு லிட்டர் தண்ணியிலதாங்க."

"குட்" என்று எழுதிக்கொண்டார். அந்தக் 'குட்' இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, வயித்தால போனா உடம்புல இருந்து தண்ணியும் போகும், உப்பும் போகும். இவங்களுக்கு ரத்தத்துல உப்பு ரொம்ப ஏறியிருக்கு. எனக்கு ஒத்து வரலையே. சுகர் இருக்கா?"

"இல்லீங்க."

"கிட்னில ஏதாச்சும்?"

"இருந்ததில்லீங்க."

என் சட்டையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போட்ட சட்டை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தேன். மூக்கைச் சுருக்கினார்.

"நீங்க என்ன வேலை?"

"மருந்து அடிக்கிறேங்க. காட்டுக்கு."

சட்டென்று வளர்மதியின் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பேதி, நினைவு தப்பிய பேச்சு. புருஷன் பூச்சிமருந்து அடிப்பவன்.

"வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லீங்க மேடம்."

"மறைக்காதீங்க. அப்படி ஏதாச்சும்னா போலீசுக்கு எழுதணும், அது ரூல். மருந்து குடிச்சா கண்ணுல தெரியுற அடையாளம் இல்லை. ஆனா காரணம் தெரியாம நான் இங்க வெச்சுக்கிட்டு இருக்க முடியாது. திருச்சிக்கு அனுப்பிடறேன். ஆம்புலன்ஸ் சொல்லிட்டு வரேன்."

திருச்சி. எங்கள் ஊரில் 'திருச்சிக்கு அனுப்பிட்டாங்க' என்று ஒருவரைச் சொன்னால், கேட்பவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே டீக்கடை. நின்றேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கையில் எடுத்தார்.

"ஸ்ட்ராங்கா, லைட்டா?"

எப்போதும் ஸ்ட்ராங் என்பவன்தான். அன்றைக்கு வாயில் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து போன். ராசேந்திரன் அண்ணன். எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் வெங்காயம் போட்டிருப்பவர். என் பழைய வாடிக்கைக்காரர். கொசுறு மூடி கேட்பதில் முதல் ஆளும் அவர்தான்.

"தம்பி, எங்கடா இருக்க? வெங்காயத் தாளு நுனியெல்லாம் கருகுது. பத்து நாளா பயிரு தொங்கிப்போய் நிக்கிது. டானிக் வாங்கி வெச்சிருக்கேன். வந்து நல்லா டபுளா போட்டு அடிச்சு வுடு."

"உரம் போட்டீங்களாண்ணே?"

"போட்டேன். கொஞ்சம் தாராளமாத்தான் போட்டேன். பயிரு தெம்பா வரட்டும்னு. மழைதான் ஏமாத்திருச்சு."

"அண்ணே, வளர்மதிய ஆஸ்பத்திரில சேத்துருக்கேன்."

"அய்யய்யோ. என்னாச்சு?"

"அப்பறம் பேசுறேண்ணே."

போனை வைத்தேன். டீ மாஸ்டர் கிளாஸோடு இன்னும் நிற்கிறார். "என்னங்க, சொல்லுங்க!" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வெட்கம் ஒரு பக்கம். கட்டிலில் கிடப்பவள் ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் ரோட்டைக் கடக்க நேரம் பிடித்தது. வண்டி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு வண்டி இல்லை.

டாக்டரம்மா மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம். நான் சொன்னது பொய்ங்க."

நிமிர்ந்தார்.

"ஒரு லிட்டர்ல கலக்கல. ஒரு டம்ளர்ல ஒரு பாக்கெட். முழுசா."

"பெரிய பாக்கெட்டா?"

"பெருசுதாங்க. லிட்டருக்குன்னு போட்டிருந்துச்சு. படிச்சேன்."

"எத்தனை பாக்கெட்?"

"ஏழு."

"எத்தனை நாள்ல?"

"நேத்து ஒரு நாள்லதாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த தாளில் குறுக்கே கோடு அடித்தார். வேறு தாள் எடுத்தார். தொங்கும் பாட்டிலை மாற்றச் சொல்லி நர்ஸம்மாவிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை. அப்புறம் என்னிடம், "ஒரு நாள்ல ஏறுனதா, பல நாளா ஏறுனதான்னு தெரியணும். அத வெச்சுத்தான் எவ்வளவு வேகமா இறக்கணும்னு முடிவு பண்ணணும். இது தெரிஞ்சா போதும். திருச்சி வேணாம். இங்கயே பாத்துக்கலாம்" என்றார்.

"சரிங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

ஒரு விநாடி பார்த்தார். "டெய்லி ஒருத்தராச்சும் இப்படி இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம் பயமும். தினம் ஒருத்தரா?

மதியம் நர்ஸம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஆரோக்கியமேரி என்று பெயர். ஏலாக்குறிச்சிக்காரர். வாய் ஓயாத ஆள். நான் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக விழுந்தது. ரொம்ப மெதுவாக.

"சிஸ்டர், இது வேகமா ஏறக் கூடாதா?"

"பாத்தியா, மறுபடியும் அவசரம். சும்மா உக்காருண்ணே."

"இல்ல... நல்லதுதான குடுத்தேன். தண்ணி ஏறணும்னுதான குடுத்தேன். ஏன் இறங்குச்சு?"

அவர் டப்பாவில் ஒரு கிண்ணம். வெங்காயப் பச்சடி. என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"காலையில சின்ன வெங்காயம் அரிஞ்சு உப்பு போட்டு வெச்சேன். ஒரு சொட்டு தண்ணி வுடல. இப்ப பாரு."

வெங்காயம் துவண்டு கிடந்தது. அடியில் தண்ணீர் நின்றது.

"இந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"

"வெங்காயத்துல இருந்துதான்."

"வெங்காயத்துக்குள்ள கோடிக்கணக்குல செல்லு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மேல மெல்லிசா ஒரு தோலு. அந்தத் தோல தாண்டித் தண்ணி போகும், வரும். எந்தப் பக்கம் உப்பு ஜாஸ்தியோ அந்தப் பக்கம் போயிரும். வெளிய உப்பு கூடிருச்சு, உள்ள இருந்த தண்ணி வெளிய வந்துருச்சு. ஒம் பொண்டாட்டி குடலுக்குள்ளயும் இதேதான். நீ குடுத்தது தண்ணி இல்லண்ணே. ஊறுகாய்."

அடுத்த கட்டில்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டேன்.

"அப்ப ஒரு லிட்டர்ல கலக்குனாலும் உப்பு உப்புதான? அது மட்டும் எப்படி உள்ள போவுது?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"குடல் செல்லுல சின்னச் சின்னக் கதவு இருக்கு. அதுல ஒரு கதவுக்கு ஒரு கிறுக்கு. உப்பு தனியா வந்து தட்டுனா தொறக்காது. சக்கரை தனியா வந்தாலும் தொறக்காது. ரெண்டும் ஜோடியா வரணும். அப்பத்தான் உள்ள வுடும். ரெண்டும் உள்ள போனதும் தண்ணி பின்னாடியே ஓடும். அதுக்குத்தான் அந்தப் பாக்கெட்ல உப்பும் சக்கரையும் கணக்கா சேத்துருக்கு. பேதி போற குடல்லகூட அந்தக் கதவு வேல செய்யும்."

"சரி."

"நீ என்ன பண்ணுன? ஒரு லிட்டருக்கு உள்ள கூட்டத்த ஒரு டம்ளர்ல கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்ட. கதவு எத்தனை பேரத்தான் வுடும்? மிச்சம் அப்படியே குடல்ல நிக்கிது. நின்ன உப்பும் சக்கரையும் சும்மா நிக்குமா? உள்ள இருக்குற தண்ணிய வெளிய இழுக்குது. உள்ள போனது ரத்தத்துல உப்ப ஏத்திருச்சு. ரத்தத்துல ஏறுனா மூளையில இருக்குற செல்லும் தண்ணிய வுட்டுட்டுச் சுருங்கும். அதான் ஆடு மாடுன்னு பேசுனாங்க."

நான் வளர்மதியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேகமா தண்ணி ஏத்துனா என்ன ஆவும் தெரியுமா? சுருங்குன செல்லு சடார்னு ஊதிரும். அப்ப ஃபிட்ஸ் வரும். அதான் சொட்டுச் சொட்டா."

சொட்டு விழுவதைப் பார்த்தேன். பிறகு, "வர்ற தண்ணி, உப்பு எல்லாத்தையும் அந்தச் செல்லு சும்மா பாத்துக்கிட்டா இருக்கும்?" என்றேன்.

"அது சும்மா இருக்குமா? ஒவ்வொரு செல்லுலயும் பம்ப் இருக்குண்ணே. உள்ள வர்ற உப்ப வெளிய இறைச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்தவே நிறுத்தாது. பொறந்ததுல இருந்து."

பம்ப் என்றதும் நிமிர்ந்துவிட்டேன். என் பாஷை.

"அது எதுல ஓடுது? பெட்ரோலா?"

"நீ திங்கிற சோறுதான் பெட்ரோல். சும்மா படுத்துக் கிடந்தாலும் திங்கிறதுல ஒரு பங்கு அந்தப் பம்புக்கே போயிரும்."

"பழுதாச்சுன்னா?"

"மெக்கானிக் கிடையாது. தண்ணி உள்ள பூந்து செல்லு வெடிச்சுரும். இப்ப என்னைச் சாப்புட வுடுறியா?"

விட்டேன்.

என் ஸ்ப்ரேயரை வருஷத்துக்கு இரண்டு தடவை வாஷர் மாற்றுகிறேன். எனக்குள் ஓடுகிற பம்ப்பைப் பற்றி இத்தனை வயதில் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். வளர்மதிக்குள் அத்தனை கோடி பம்ப்பும் என் ஏழு டம்ளரை எதிர்த்து ஒரு நாள் முழுக்க இறைத்திருக்கின்றன. அவள் தாகம் என்றது அதுதான். நான் அதைக் கேட்காமல் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன்.

புதன்கிழமை மதியம் கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள். இந்தத் தடவை நிஜமாகவே என்னை.

"சட்டைய மாத்தலையா நீங்க? நாறுது."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். இன்னும் இரண்டு நாள் உப்புச்சக்கரைத் தண்ணி கொடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை நான் தொடவில்லை. அவளே லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பெரிய சொம்பில் ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் உள்பக்கம் ஆணியால் கோடு கீறினாள். அதில் ஒரு பொட்டலம். கலக்கி, ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். கண்ணீர் அளவுக்குத்தான் உப்பு. கரிக்கவே இல்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

"அன்னைக்கு உப்புக் கரிக்குதுன்னு தெரிஞ்சுச்சுல்ல. ஏன் ஏழு டம்ளரும் குடிச்ச? வேணாம்னு சொல்றதுதான?"

"சொல்லி? 'பத்தலையாட்டம் இருக்கு'ன்னு இன்னொரு பாக்கெட்ட சேத்துக் கலக்கியிருப்பீங்க."

செய்திருப்பேன்.

சனிக்கிழமை காலை ராசேந்திரன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். வளர்மதியை விசாரித்தார். நாலு ஆரஞ்சு கொடுத்தார். உடனே என் பக்கம் திரும்பினார்.

"மிஷின எடு தம்பி. இனியும் வுட்டா வெங்காயம் போயிரும்."

போனேன். காடு பாவமாகத்தான் இருந்தது. தாளெல்லாம் நுனி கருகி, மதிய வெயிலில் நின்ற மாதிரி காலையிலேயே துவண்டு கிடந்தது. பாத்தியில் உரம் வெள்ளை வெள்ளையாகக் கரையாமல் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் காய்ந்திருந்தது. மண்ணில் ஈரம் இருந்தும் காய்ந்திருந்தது.

ஆரோக்கியமேரியின் பச்சடிக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

அண்ணன் டானிக் பாட்டிலைத் திறந்துவிட்டார். மூடி கையில். "மொதல்ல நாலு மூடி வுடு."

"அண்ணே, இதுக்கு டானிக் வேணாம். தண்ணி வுடுங்க."

"என்னது?"

"வெறுந்தண்ணி. உரத்தக் கரைச்சு வெளிய இழுக்குற அளவுக்குப் பாச்சுங்க. தேங்க வுடாம வடிச்சு வுடுங்க. ரெண்டு மூணு தடவ."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா, மருந்து அடிக்கிறவன் வந்து தண்ணி வுடச் சொல்ற? பொண்டாட்டிய ஆஸ்பத்திரில போட்டதுல மூளை கலங்கிருச்சா? இருக்குற போர் தண்ணிய வெறுமனே வடிச்சு வுடச் சொல்றியே, நீ வந்து இறைப்பியா?"

"உரமும் உப்புதாண்ணே, மண்ணுல கூடிருச்சு. வேரு தண்ணிய எடுக்கல. வேருல இருக்குற தண்ணிய மண்ணு எடுக்குது. இதுக்கு மேல டானிக்கும் கெட்டியா அடிச்சா தாளுல இருக்குறதும் போயிரும்."

"இத ஒனக்கு யாரு சொன்னா?"

இங்கேதான் நின்றேன். 'விவசாய ஆபீசர் சொன்னார்' என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார். ஊரில் என் பெயரும் தப்பித்திருக்கும். இந்த ஊரில் யார் வீட்டுக் காட்டுக்கும் மருந்து கலக்குவது நான். எனக்குக் கலக்கத் தெரியவில்லை என்று நானே சொன்னால், அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

சொன்னேன். டம்ளர், பொட்டலம், ஏழு, ஆடு... எல்லாம். படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

அண்ணன் கையிலிருந்த மூடியைப் பாட்டிலில் போட்டுத் திருகினார். மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். பாதி வழியில் திரும்பி, "அந்தப் புள்ளைக்கு ஏழு டம்ளராடா குடுத்த, பாவி" என்றார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

பள்ளத்துப் பாத்திகள் ஒரு வாரத்தில் நடுக்குருத்து பச்சையாக விட்டன. மேட்டுப் பாத்தி நாலு பிழைக்கவில்லை. தாமதமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமையே நான் போயிருந்தால் அதுவும் பிழைத்திருக்கும் என்கிறார் அண்ணன். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் நாலு மூடி டானிக் அடித்துவிட்டு வந்திருப்பேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டார்களா? ஒருவர் கூப்பிட்டார். மற்றவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு மாற்றம். இப்போது பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் திறக்கிறேன். கண்ணாடி வாங்கியிருக்கிறேன். காட்டுக்காரர்கள் "இன்னொரு மூடி" என்கிறார்கள். "போதும்" என்கிறேன். முகம் தெளிவதில்லை. தெளியாவிட்டால் போகட்டும்.

உங்கள் வீட்டிலும் அந்தப் பொட்டலம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஒரு டம்ளருக்கான சின்னதும் உண்டு, ஒரு லிட்டருக்கான பெரியதும் உண்டு. எது எதற்கு என்று மேலேயே போட்டிருக்கும். கலக்கித் தருபவரின் பாசம், மரியாதை எதுவும் அந்த மெல்லிய தோலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எந்தப் பக்கம் உப்பு அதிகம் என்பது மட்டும்.

பொய் ஒரு தடவைதான் சொன்னேன். உண்மையை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரம்மாவிடம், ராசேந்திரன் அண்ணனிடம், இப்போது உங்களிடம்.

வளர்மதியிடம் மட்டும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவளுக்கு முதல் மடக்கிலேயே தெரியும்.